பத்து வீட்டுக்கு ஒருத்தி

மஹ்ரூப் ஹாஜியார் ஒரு கூட்டம் வைத்தால், அது எதைப் பற்றிய கூட்டம் என்பது கடைசிப் பேச்சாளர் எழும்பும்வரை யாருக்கும் தெரியாது. தில்லையடி நலன்புரிச் சங்கத்துக்கு அவர் தலைவரான வருடம் டெங்குக் கூட்டம் ஒன்று நடந்தது. ஹாஜியார் தன்னுடைய சிங்கப்பூர்ப் பயணத்தைப் பற்றி முக்கால் மணித்தியாலம் பேசினார். நுளம்பு அந்தப் பேச்சில் ஒரே ஒரு தடவை வந்தது, சிங்கப்பூரில் அது இல்லை என்ற தகவலாக.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வெளிநாட்டு நிறுவனங்கள் கொட்டிய காசு வற்றிப்போயிருந்தது. காசோடு வந்த பெனர் அடிக்கிற பழக்கம் மட்டும் ஊரில் தங்கிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை சங்க மண்டபத்தில் தொங்கிய பெனர், ‘மாபெரும் மகளிர் சுகாதார மாநாடு’ என்றது. மேடையில் ஏழு கதிரைகள். ஆறில் ஆண்கள். ஏழாவதில், ஓரமாக, டாக்டர் மெலனி. சிலாபத்துப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண், அரசாங்க கிளினிக்குக்குப் புதிதாக வந்தவர், முப்பது தாண்டியிருக்காது. அவர்தான் மாநாட்டில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் என்பதால் கடைசியாகப் போட்டிருந்தார்கள்.

மண்டபத்தை நடுவே ஒரு திரை பிரித்தது. பெண்கள் விஷயம் ஆண்கள் காதில் விழக்கூடாது என்று திரை. ஆண்களுக்குத் தெரியாமல் எதுவும் பேசப்படக்கூடாது என்று ஸ்பீக்கர் இரண்டும் ஆண்கள் பக்கம். ஆகவே டாக்டர் பேசியது வீதியோரத் தேத்தண்ணிக் கடைவரை துலக்கமாகக் கேட்டது. திரைக்கு இந்தப் பக்கம் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி “என்னவாம், என்னவாம்” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆறு பேரும் பேசி முடித்தபோது சாப்பாட்டுப் பார்சல் வந்துவிட்டது. புரியாணி வாசத்துக்கு எதிராக டாக்டர் மெலனி பேசவேண்டியிருந்தது.

“கருப்பைக்குள்ள இருக்கிற சவ்வு மாதிரி ஒண்டு சிலருக்குக் கருப்பைக்கு வெளியிலயும் வளருது” என்றார் அவர், திரைக்கு இந்தப் பக்கமும் கேட்கும்படி குரலை உயர்த்தி. “சூலகத்தில, குடலில, எங்கயும் ஒட்டி வளரும். மாதத் தீட்டு வாற நேரம் அதுவும் வீங்கும், இரத்தம் கசியும். அந்த இரத்தத்துக்கு வெளிய போக வழியில்ல. உள்ளுக்குள்ளயே தங்கி, ஒண்டோட ஒண்டு ஒட்டிப் போகும். எண்டோமெற்றியோசிஸ் எண்டு பேர். பிள்ளை பெறுற வயசில இருக்கிற பெண்கள் பத்துப் பேரை எடுத்தா கிட்டத்தட்ட ஒருத்தருக்கு இது இருக்கும். ஆனா ‘வலி எல்லாருக்கும்தானே’ எண்டு வருசக்கணக்கா யாரும் பாக்கிறதில்ல. படுக்கையில விழுத்துற வலி சாதாரண வலி இல்ல. இங்க யாருக்காவது அப்பிடி இருக்கா?”

திரைக்கு இந்தப் பக்கம் நாற்பது பெண்கள் தங்கள் மடியைப் பார்த்தார்கள்.

றிஸ்மியா எழும்பினாள்.

முதலாம் குறுக்கு வீதி ஸுலைஹாவின் மூத்த மகள். முப்பது வயது. கலியாணம் முடித்து ஆறு வருடம், பிள்ளையில்லை. அவளுக்கு வலப்பக்கத்தில் உம்மா. இடப்பக்கத்தில் தங்கச்சி பரீனா, பத்தொன்பது வயது, அடிவயிற்றில் கைப்பையை அழுத்திப் பிடித்தபடி. அந்தக் கைப்பைக்காகத்தான் றிஸ்மியா எழும்பினாள்.

“எனக்கு இரிக்கி டொக்டர்” என்றாள். “போன வருசம் கொழும்புல ஒப்பரேசன் செஞ்ச. ஒரு பக்கச் சூலகத்த எடுத்துட்டாங்க. முந்தியே வந்திருந்தா எடுக்கத் தேவையில்ல எண்டு சொன்னாங்க. எனக்குப் பதின்மூணு வயசில தொடங்கின வலி.”

உம்மா அவளுடைய முந்தானையைப் பிடித்து இழுத்தாள். டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மைக் ஹாஜியாரின் கைக்குப் போய்விட்டது. மைக் வேறொருவர் கையில் நெடுநேரம் இருந்தால் அவருக்கு மூச்சு முட்டும்.

“அல்ஹம்துலில்லாஹ்!” என்றார் ஹாஜியார். “டொக்டர் அம்மா சொன்ன கணக்கு நமக்குப் புதிசில்ல. பத்துக்கு ஒண்டு. நம்மட நோன்புக் கஞ்சி முறயும் அதானே? பத்து ஊடு ஒரு பங்கு. அந்தப் பத்துக்கும் சேத்து ஒரு ஊடு சட்டிய ஏத்துது. மத்த ஒம்பது ஊட்டுக்கும் பொறுப்பு நீங்கிப் போகுது. முதலாவது பங்குல ஸுலைஹா ராத்தாட மகள் தைரியமாச் சொல்லிட்டா. அந்தப் பத்து ஊட்டாரும் இனி நிம்மதியா இருங்க!”

“ஹாஜியார், அது அப்பிடி இல்ல. அது ஒரு சராசரி...” என்றார் டாக்டர் மெலனி. மைக் இல்லாமல் சொன்னார். பார்சல் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

மறுநாள் பகல் எதிர்வீட்டுச் சாச்சி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடும் ஒரு பிஸ்கட் பெட்டியோடும் வந்தாள். நோயாளியைப் பார்க்க வருகிற முகமாக அது இல்லை. நன்றி சொல்ல வருகிற முகம்.

“நீ எழும்பின நேரம் எனக்கு நெஞ்சே நிண்டுட்டு புள்ள. எங்கட மூத்தவளுக்காக்கும் எண்டு பயந்துகிட்டு இருந்த.”

“அவளுக்கும் வலி வாறதா சாச்சி?”

“வாறதுதான். மாசாமாசம் பாயோட சுருண்டு கெடப்பா, சத்தி எடுப்பா. இப்ப பயமில்ல. ஒனக்குத்தானே.”

“சாச்சி, அவள கொண்டுபோய் காட்டுங்க.”

“என்னத்துக்கு மகள்? நம்மட பத்துல ஒனக்கு வந்துட்டே. அல்லாஹ் ஒனக்கு அதுக்கான கூலியத் தருவான்.” சாச்சி அவளுடைய கன்னத்தைத் தடவிவிட்டு, வாழைப்பழத்தில் ஒன்றை உரித்துத் தின்றுகொண்டே போனாள்.

அந்தக் கிழமை முழுக்க அப்படித்தான். ஒன்பது வீட்டிலிருந்தும் ஏதாவது வந்தது. பதின்மூன்று வயதிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து நடந்தபோது, பாடசாலையில் மயங்கி விழுந்தபோது, ஒருவரும் ஒரு தோடம்பழம்கூடக் கொண்டுவரவில்லை. அப்போது அவளுக்கு இருந்தது ‘பஞ்சி’, வேலை செய்யச் சோம்பல். பிறகு ‘நடிப்பு’. கருஞ்சீரக எண்ணெய் கொடுத்தார்கள், ஓதிய தண்ணீர் கொடுத்தார்கள், கலியாணம் முடித்தால் சரியாகும் என்றார்கள். கலியாணம் முடித்தாள். பிள்ளை பிறந்தால் சரியாகும் என்றார்கள். பிள்ளை பிறக்கவில்லை, அதற்கும் வலியைக் காரணம் சொல்லாமல் அவளைக் காரணம் சொன்னார்கள். கடைசியில் கணவன் நஜாத் பாலாவியில் ஓட்டுகிற லொறியை ஒருநாள் நிறுத்திவிட்டு அவளைக் கொழும்புக்குக் கூட்டிப்போனான். அங்கேதான் அந்த வலிக்குப் பெயர் கிடைத்தது. பெயரோடு சேர்த்து, காலம் பிந்திவிட்டது என்ற செய்தியும் கிடைத்தது.

“ஹாஜியார்ட கணக்குப்படி பாத்தா, பத்து லொறில ஒரு லொறிக்குத்தான் டயர் வெடிக்கணும்” என்றான் நஜாத், பிஸ்கட் பெட்டியைத் திறந்தபடி. “எனக்கு வெடிச்சா மத்த ஒம்பது பேரும் காத்தடிக்கத் தேவையில்ல.”

“பகிடி விடாதீங்க மச்சான். பரீனாட முகத்தப் பாத்தீங்களா நேத்து?”

நஜாத் பிஸ்கட்டைக் கடிக்காமல் பெட்டியில் வைத்தான். பார்த்திருந்தான்.

பரீனாவுக்குக் கலியாணம் பேசியாகிவிட்டது. மாப்பிள்ளை வேறு யாருமில்லை, ஹாஜியாரின் மகன். கட்டாரில் ஸ்டோர் கீப்பர். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து வருகிறான். வந்தால் நிக்காஹ், ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியேறுவான். பின்வளவில் அதற்கென்று இரண்டு அறை கட்டிச் சாந்தும் பூசியாகிவிட்டது. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து கையில் ஒரு பையோடு துரத்தப்பட்டு வந்த குடும்பம். உம்மா அகதி முகாமில் கிடுகுக் கொட்டிலில் பிள்ளை வளர்த்தவள். வாப்பா உப்பளத்தில் உப்பு வாரி வாரி, கால் வெடித்து, ஒரு நாள் மௌத்தாகிப் போனார். அப்படிப்பட்ட வீட்டுக்கு உள்ளூர்ச் சங்கத் தலைவரின் மகன் மாப்பிள்ளையாக வருகிறான் என்றால் உம்மாவுக்கு அது கலியாணம் மட்டும் இல்லை. இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு ஊர் அவளுக்குக் கதிரை போடுகிறது.

றிஸ்மியாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கலியாணத்துக்கு முன்னால் பரீனாவை டாக்டரிடம் காட்டவேண்டும். தனக்குப் பிந்தியது தங்கச்சிக்குப் பிந்தக்கூடாது.

“காட்டுறதா?” என்றாள் உம்மா, அரிசி களைந்துகொண்டு. “என்னத்தக் காட்டுற? ஒரு உம்மாட வயித்துல ரெண்டு பேருக்குமா குடுப்பான் அல்லாஹ்? அவன் நீதவான்.”

“அவளும் என்னய மாதிரித்தான் உம்மா. அதே வலி. இடுப்பால எறங்கி கால்வரைக்கும் போற வலி. நான் பாக்கிற.”

“நீ எல்லாத்தையும் ஒன்ட கண்ணாலதான் பாக்கிற. ஹாஜியார் எல்லாரும் கேக்கச் சொல்லிட்டார். நம்மட பத்துல நீதான். கத முடிஞ்சி.”

“ஹாஜியார் டொக்டரா உம்மா?”

“டொக்டர் என்ன புதுசாச் சொன்ன? பத்துல ஒண்டு எண்டுதானே அவவும் சொன்ன!”

இதற்குப் பதில் கேட்டு றிஸ்மியா கிளினிக்குக்குப் போனாள்.

டாக்டர் மெலனி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனையை மேசையில் வைத்தார். சிரிக்கலாமா என்று யோசித்தார், சிரிக்கவில்லை.

“நான் திரும்பி வந்து சொல்றேன்” என்றார். “பத்தில ஒண்டு எண்டா ஒவ்வொரு பத்திலயும் ஒண்டு இல்ல. ஒரு வீதியில அஞ்சு பேருக்கும் இருக்கலாம், ஒரு வீதியில ஒருத்தருக்கும் இல்லாம இருக்கலாம். அதோட, உம்மாவுக்கோ கூடப் பிறந்த ராத்தாவுக்கோ இருந்தா தங்கச்சிக்கு வாறதுக்கு மத்தவங்கள விடக் கூடுதலான சாத்தியம். நீங்க பயப்படுறது சரி. அந்தப் பிள்ளையை இப்பவே கூட்டி வாங்க. வயசு குறைவு, மருந்திலயே அடக்கலாம். அடுத்த கூட்டத்தில இதை மைக்கில சொல்றேன்.”

றிஸ்மியா கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டாள்.

“வேணாம் டொக்டர்! மைக்கில வேணாம்!”

அவள் அந்த ஸ்பீக்கரை நினைத்துப் பார்த்தாள். ‘ராத்தாவுக்கு இருந்தால் தங்கச்சிக்கும்’ என்பது தேத்தண்ணிக் கடையில் விழும். அங்கிருந்து ஹாஜியார் வீட்டு வாசலுக்குப் போக ஒரு பிளேன் டீ குடிக்கிற நேரம்கூட எடுக்காது. பொய்க் கணக்கு பரீனாவை டாக்டரிடம் போகவிடாது. சரியான கணக்கு கலியாணத்தைக் குழப்பும். குழப்பினால் உம்மா சாகும்வரை அவளை மன்னிக்கமாட்டாள், பரீனாவும்தான். அவள் டாக்டரின் மேசையில் இருந்த கருப்பைப் பொம்மையைப் பார்த்தாள். ரோஸ் நிறத்தில், துடைத்துச் சுத்தமாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், அது அழகாகத்தான் இருந்தது.

ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது. அது ஹாஜியாரின் மனைவி மஹ்மூதா.

கொழும்பிலிருந்து றிஸ்மியா ஒப்பரேசன் முடிந்து வந்த புதிதில் மஹ்மூதா அவளைப் பார்க்க வந்திருந்தாள். எல்லோரும் வெளியே போனதும் கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தி, “ஒனக்கு மலசலகூடத்துக்குப் போற நேரம் கத்தியால கீறுற மாதிரி இரிக்கிதா? அந்த நாட்கள்ல மட்டும்?” என்று கேட்டிருந்தாள். அந்தக் கேள்வியைப் புத்தகம் படித்தோ, கேள்விப்பட்டோ கேட்க முடியாது. மஹ்மூதாவுக்குப் பல வருடங்களுக்கு முன் பித்தப்பையில் கல் எடுத்தார்கள் என்பது ஊர் அறிந்த செய்தி. பித்தப்பை அவ்வளவு கீழே இருப்பதில்லை என்பதை ஊர் யோசித்ததில்லை.

றிஸ்மியா போனபோது மஹ்மூதா குசினியில் சீலா மீன் துண்டுக்கு மஞ்சள் பிரட்டிக்கொண்டிருந்தாள்.

“கல் இல்லத்தானே மாமி?”

மஹ்மூதா திரும்பிப் பார்க்கவில்லை. மீன் துண்டை ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

“கருப்பையையே எடுத்துட்டாங்க” என்றாள். “இந்த ஒரு மகன் கெடைச்சதே அல்லாட உதவி. அவர்தான் ‘கல்’ எண்டு சொல்லச் சொன்ன. தலைவர்ர பொண்டாட்டிக்கு அந்த எடத்துல வருத்தம் எண்டு சொல்ல ஏலாதாம். கல்லெண்டா கௌரவமாம்.”

“பரீனாவுக்கும் அதுதான் மாமி. ஒங்கட ஊட்டு மருமகள். நீங்க சொன்னா உம்மா கேப்பா. நீங்க கூட்டிட்டுப் போனா ஊர் ஒண்டும் சொல்லாது.”

“நான் சொன்னா என்னத்த நெனப்பாங்க தெரியுமா? எனக்கும் இரிக்கி, வாற மருமகளுக்கும் இரிக்கி எண்டு...” மஹ்மூதா கையைக் கழுவினாள். மஞ்சள் போகவில்லை. மறுபடி கழுவினாள். “நான் இருபது வருசம் தலகாணியக் கடிச்சிக்கிட்டுப் படுத்த றிஸ்மியா. என்ட மகன்ட ஊட்டுல இன்னொருத்தி கடிக்கவா? நாள் குறிக்க வாற அண்டைக்குச் சொல்லுறன். அவர் என்ன செய்வார்? கொல்லுவாரா?”

கொல்லவில்லை. ஹாஜியார் அதைவிடக் கெட்டிக்காரர்.

நாள் குறிக்க வந்த அன்று றிஸ்மியா வீட்டு முன்ஹோலில் ஹாஜியாரும் சங்கத்து ஆட்கள் இரண்டு பேரும் கதிரைகளில் இருந்தார்கள். உள்அறை வாசலுக்குள் பெண்கள். பரீனா கதவுக்குப் பின்னால் நின்றாள். தொதலும் வட்டிலப்பமுமாக இனிப்புகள் சுற்றி வந்தன. ஹாஜியார் கலியாண மண்டபத்தின் பெயரைச் சொல்லி, அதன் கூரையின் உயரத்தைச் சொல்லி, அதைத் திறந்துவைத்த அமைச்சரோடு தான் எடுத்த போட்டோவைச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், வாசலிலிருந்து மஹ்மூதாவின் குரல் வந்தது.

“நாள் குறிக்க முந்தி ஒரு விசயம். புள்ளய ஒருக்கா டொக்டர்ட்ட காட்டுவம். அவளுக்கு அந்த வருத்தம் இரிக்கலாம். எனக்கும் இருந்த. கல்லில்ல. அதுதான்.”

ஒரு கரண்டி தட்டில் விழுந்தது. உம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். சங்கத்து ஆட்கள் இருவரும் தங்கள் வட்டிலப்பத்தை முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். றிஸ்மியா ஹாஜியாரைப் பார்த்தாள். ஒரே வீதியில் இரண்டு பேர். கணக்கு உடைந்துவிட்டது. இனி என்ன சொல்வார்?

ஹாஜியாரின் முகம் முதலில் சிவந்தது. பிறகு வெளுத்தது. பிறகு, சபையில் எதிர்பாராத கேள்வி வந்த எந்தத் தலைவரையும்போல, மெல்ல மலர்ந்தது.

“பாத்தீங்களா?” என்றார் அவர், விரலை உயர்த்தி. “பாத்தீங்களா கணக்கு எவ்வளவு சரியா வருது எண்டு! எங்கட ஊடு கஞ்சி முறயில எத்தினையாம் பங்கு?”

“ரெண்டாம் பங்கு ஹாஜியார்” என்றார் சங்கத்து ஆள்.

“ரெண்டாம் பங்கு! முதலாம் பங்குக்கு றிஸ்மியா. ரெண்டாம் பங்குக்கு மஹ்மூதா. நான் அண்டைக்கே சொன்னனா இல்லியா? கலியாணம் முடிஞ்சி பரீனா இந்த ஊட்டுலதான் இருக்கப் போற. அதாவது முதலாம் பங்குல. இந்தப் பங்குக்கு ஆள் இரிக்கி. அப்ப பரீனாவுக்கு எப்பிடி வரும்?”

“நல்ல வெளக்கம்” என்றார் மற்ற ஆள், உண்மையான பிரமிப்போடு.

“நான் மறைச்சதும் ஏன்? ரெண்டாம் பங்கு ஊட்டுக்காரங்க மனம் நோகக்கூடாது எண்டுதான். இனி அவங்களும் நிம்மதியா இருக்கலாம்” என்றார் ஹாஜியார். பல வருடப் பொய் இரண்டு வசனத்தில் ஊர்ச் சேவையாக மாறிவிட்டது.

உம்மா “அல்ஹம்துலில்லாஹ்” என்று நிலத்தில் உட்கார்ந்தாள். மஹ்மூதா மறுபடி வாயைத் திறந்தாள். “போதும் மஹ்மூதா” என்றார் ஹாஜியார், சத்தமில்லாமல். அவள் திறந்த வாயை மூடினாள். நாள் குறிக்கப்பட்டது.

றிஸ்மியா கதவுக்குப் பின்னால் போனாள். பரீனா சுவரில் சாய்ந்து நின்றாள். உதட்டைச் சுற்றி வெள்ளை பூத்திருந்தது.

“நஜாத் மச்சான் லொறியில கூட்டிப் போவார். யாருக்கும் தெரியாது. ஸ்கான் ஒண்டு எடுப்பம், அவ்வளவுதான்.”

“வேணாம் ராத்தா.”

“இப்ப வலிக்கிதுதானே ஒனக்கு? இந்த நிமிசம்?”

“வலிக்கிதுதான். ஆனா அது ஒனக்கு வாற மாதிரி இல்ல. ஒனக்கு இரிக்கிறது வருத்தம். எனக்கு வெறும் வலி.” அவள் தன் வயிற்றைத் தொட்ட ராத்தாவின் கையை எடுத்து விலக்கினாள். “நீ எனக்கும் சேத்து எடுத்துட்டதா உம்மா சொல்லுற. நான் ஒனக்கு எவ்வளவு துஆ கேக்கிற தெரியுமா?”

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் றிஸ்மியாவை அசைய விடாமல் செய்தது. பத்தொன்பது வயதுப் பெண், பின்வளவில் சாந்து பூசிய இரண்டு அறை, கட்டாரிலிருந்து வட்ஸ்அப்பில் இரவிரவாக வருகிற குரல். ஹாஜியாரின் கணக்கை நம்பினால்தான் இவ்வளவும் நிலைக்கும் என்றால், யார்தான் நம்பமாட்டார்கள்?

கலியாணம் விமரிசையாக நடந்தது. மண்டபத்தின் கூரை ஹாஜியார் சொன்ன அளவுக்கு உயரமில்லை. மாப்பிள்ளை கட்டாருக்குத் திரும்பிப் போகவில்லை. புத்தளம் டவுனில் கைத்தொலைபேசிக் கடை போட்டான். நல்ல பிள்ளை. மனைவி மாதத்தில் சில நாள் எழும்பாமல் கிடப்பதைப் பார்த்துவிட்டு, தன் உம்மாவிடம் கேட்டான். மஹ்மூதா, “ஒன்ட வாப்பாட்ட கேளு” என்றாள். வாப்பாவிடம் கேட்டான். “பொம்பளைகளுக்கு எல்லாம் அப்பிடித்தான். ஒன்ட பொண்டாட்டிட பங்குக்குத்தான் றிஸ்மியா இரிக்கே” என்றார் ஹாஜியார்.

அடுத்த வருட நோன்பின் கடைசிப் பத்து நாளில் ஒரு பிற்பகல், பரீனா கிணற்றடியில் உடுப்புப் பிழிந்துகொண்டிருந்தவள் அப்படியே மடிந்து விழுந்தாள். றிஸ்மியா ஓடிப்போய்த் தூக்கினாள். உடம்பு குளிர்ந்து வியர்த்திருந்தது. இந்தத் தடவை யாரிடமும் கேட்கவில்லை. நஜாத்தின் லொறியில் முன் சீற்றில் அவளை மடியில் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பாலாவிச் சந்தியில் உப்பு மூடை ஏற்றிய வாகனங்களுக்குப் பின்னால் லொறி நின்று நின்று ஊர்ந்தது.

“வெறும் வலி ராத்தா” என்று பரீனா முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். “வெறும் வலி.”

இடது சூலகத்தில் பழைய இரத்தம் தேங்கிய கட்டி. அது உடைந்து உள்ளே பரவியிருந்தது. சூலகத்தோடு சேர்த்து அதை எடுத்தார்கள். மற்றப் பக்கம் குடலோடு ஒட்டிக் கிடந்தது. சத்திரசிகிச்சை செய்தவர் வெளியே வந்து, சாத்தியங்கள் பற்றிக் கொஞ்சம் பேசினார். பேசியதில் ‘பிள்ளை’ என்ற சொல் வந்த இடத்தில் அவருடைய குரல் இறங்கியது. றிஸ்மியா மட்டும் தலையாட்டினாள். உம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரீனாவின் புருசன் தரையில் குந்தி அழுதான்.

முதலாம் குறுக்கு வீதி கலங்கிப் போனது. பரீனாவுக்காகக் கொஞ்சம், கணக்குக்காகக் கூடுதலாக. ஒரு பங்கில் இரண்டு வந்துவிட்டது என்றால் மூன்றும் வரலாம். எதிர்வீட்டுச் சாச்சி தன் மூத்தவளை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கினாள். ஒரு நாள் அவளைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போக அபாயாகூடப் போட்டுவிட்டாளாம். இன்னும் ஒரு கிழமை அந்தக் கலக்கம் நீடித்திருந்தால், அந்த வீதியில் நாலைந்து பெண்கள் தப்பியிருப்பார்கள்.

ஹாஜியார் விடவில்லை. பெருநாளுக்கு மறுநாள் சங்கத்தைக் கூட்டினார். மருமகளுக்கு இப்படி ஆனதில் அவர் உண்மையாகவே மெலிந்து போயிருந்தார். கண்ணுக்குக் கீழே கறுப்பு. ஆனால் மைக்கைக் கண்டதும் நிமிர்ந்துவிட்டார்.

“ஒருத்தரும் பயப்படத் தேவையில்ல” என்றார். “கஞ்சிச் சட்டி ஒரு ஊட்டுல இருந்து அடுத்த ஊட்டுக்கு மாறுறது இல்லியா? அதே மாதிரித்தான். றிஸ்மியாட்ட இருந்தது ஒப்பரேசனோட எறங்கிட்டு. இப்ப பரீனாட்ட மாறியிரிக்கி. ஒண்டு ஒண்டுதான். ரெண்டாகல்ல.”

வீதி மூச்சு விட்டது. சாச்சி அபாயாவைக் கழற்றிக் கொடியில் போட்டாள்.

பிறகு பிஸ்கட் பெட்டிகள் பின்வளவு அறைக்குப் போகத் தொடங்கின. பரீனா கட்டிலில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் வாங்கி வைத்தாள். வருகிறவர்கள் முன்வீட்டைக் கடந்துதான் போகவேண்டும். போகும்போது றிஸ்மியாவைக் கண்டால், “ஒனக்கு இப்ப சொகந்தானே?” என்று கேட்டார்கள். கேள்வி மாதிரி இல்லை, உத்தரவு மாதிரி.

மழைக்காலம் தொடங்குகிற நேரம் றிஸ்மியாவுக்கு வலி திரும்பி வந்தது. வெட்டி எடுத்தாலும் திரும்ப வளரக்கூடிய சாமான் என்று கொழும்பில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். காலையில் எழும்ப முடியவில்லை. இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கி முழங்காலில் நின்று மறுபடி ஏறியது. நஜாத் விடியமுன் லோட் ஏற்றிக்கொண்டு குருநாகலுக்குப் போயிருந்தான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பி, பாய் விளிம்பைப் பல்லில் வைத்துக்கொண்டு கிடந்தாள்.

உம்மா வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் பரீனாவுக்குக் கொண்டுபோகிற சூப்புக் கோப்பை. ஒரு சூலகம் போன மகளுக்கும் இன்னொரு சூலகம் போன மகளுக்கும் நடுவில் அந்தப் பெண் இந்தச் சில மாதத்தில் நன்றாகக் கிழண்டு போயிருந்தாள்.

“என்ன றிஸ்மியா படுத்துக் கெடக்கிற? உடுப்பெல்லாம் ஊறுது.”

“ஏலா உம்மா. வந்துட்டு.”

“என்ன வந்துட்டு?”

“அதே வருத்தம்தான்.”

உம்மா அவளைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் கோபம் இல்லை. தன்னிடம் ஒரே ஒரு கோப்பைதான் இருக்கிறது, அதைத் தூக்க ஒரே ஒரு கைதான் இருக்கிறது என்பதுபோல ஒரு களைப்பு.

“அது இப்ப பரீனாட்ட” என்றாள் உம்மா. “எழும்பு மகள். அந்த உடுப்பக் கழுவு.”

கோப்பை தளும்பாமல் மெதுவாக நடந்து அவள் பின்வளவுக்குப் போனாள். றிஸ்மியா இரண்டு கையையும் ஊன்றி எழும்பினாள்.